ஈயத் தாதுக்குள் ஒரு தீ

ரப்பர் தோட்டங்கள் பெருகுவதற்கு முன்பே நெகிரி செம்பிலானுக்கு ஆட்களை இழுத்தது ஈயம். சுங்கை ஊஜோங்கிலும் ஜெலுபுவிலும் தோண்டினார்கள். 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடியதும் பெரும்பாலும் அந்த ஈயத்துக்காகத்தான். டூலாங் தட்டில் மணலை அலசினால் கடைசியில் கனமாகத் தங்கும் கருமணலே தாது. கனிமவியலில் அதற்குப் பெயர் காசிட்டரைட். அள்ளியதெல்லாம் உலைக்குப் போனது; தகர டப்பாவாயிற்று.

அதே காசிட்டரைட் மணிக்கல்லாகவும் இருக்கிறது என்பதை நம் நகைப் பிரியர்கள் பலர் அறியார். இரும்புக் கலப்பு மிகுந்தால் அது கறுத்துவிடும். குறைந்தால் தேன் நிறத்தில், அபூர்வமாக நிறமே இல்லாமல், கண்ணாடிபோல் தெளிந்து வரும். பட்டை தீட்டத் தகுந்த படிகங்களுக்கு இன்று பேர்போன நாடு பொலிவியா.

வெள்ளொளியை வண்ணங்களாகப் பிரிக்கும் திறன் வைரத்துக்கு 0.044, இதற்கு 0.071. கல்லை லேசாக அசைத்தால் போதும், ஆரஞ்சும் பச்சையும் நீலமும் தெறிக்கும். வைரத்தில் இவ்வளவு வண்ணத்தை நான் கண்டதில்லை. ஆனால் நிறம் அடர்ந்தால் அந்த வண்ணங்கள் அமுங்கிவிடும். பெரிய பழுப்புக் கல்லைவிட, வெளிறிய சிறிய கல்லையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பட்டை தீட்டுபவருக்கு இது சோதனைக் கல். உள்ளே நுழையும் ஒளி இரண்டாகப் பிரிவதால், பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். கல் மங்கியதுபோல் தோன்றும். ஒளி பிரியாமல் செல்லும் ஒரு திசை படிகத்தில் உண்டு. அதைக் கண்டுபிடித்து, மேல் தட்டையை அதற்கு நேராக அமைப்பவர் கைதேர்ந்தவர். அப்படித் தீட்டிய கல்லில் ஒவ்வொரு கோடும் துல்லியமாக நிற்கும்.

கடினம் 6 முதல் 7 வரைதான். சாதாரணத் தூசியிலுள்ள குவார்ட்சே அதைத் தேய்த்துவிடும் என்பதால் மோதிரம் வேண்டாம். தோட்டத்தில் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் மூக்குத்தியும் தோடும் செய்துகொண்ட நம் பெண்களின் வழக்கம் இக்கல்லுக்கு அருமையாகப் பொருந்தும். உரசல் குறைந்த இடம். தலை திரும்பும்போதெல்லாம் ஒளியும் மாறும்.

வாங்கும்போது காரட் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். இது வைரத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி கொண்டது. ஒரு காரட் கல் எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகவே இருக்கும். அகலத்தை மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள்.