கச்சானுக்கு ஒரு கால் சுற்று

டர்போக் காரை மார்கழியில் ஓட்டிப் பார்த்து விலை பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. மழைக் காற்றில் எந்த எஞ்சினும் நல்ல பிள்ளைதான். ஆடியில் திருகோணமலைக்கு வாருங்கள். மலைநாட்டில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டுக் கச்சான் காற்று வறண்டு வந்து இறங்கும் பகல் இரண்டு மணிக்கு, கண்டி வீதியில் கந்தளாயை நோக்கி மூன்றாம் கியரில் மிதியுங்கள். முதல் மிதிக்கு எல்லாக் காரும் பாயும். நாலாவது மிதிக்கும் அதே பாய்ச்சல் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

என் மனம் போவது டொயோட்டாவின் வன்-ஜேஸெட் எஞ்சின் பூட்டிய சேஸர், மார்க் டூ பக்கம். அதிலும் 1990இல் வந்த இரட்டை டர்போவை விட, 1996க்குப் பிந்திய ஒற்றை டர்போவே எனக்குப் பிடிக்கும். இரட்டைக்காரர்கள் மேல்சுற்றில் அது பாடும் என்பார்கள். பாடும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பீங்கான் சக்கரங்கள் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கொடுத்தாலே உதிரக்கூடியவை. கடதாசியில் இரண்டும் 280 குதிரைதான். ஜப்பானியக் கம்பனிகள் 2004 வரை தங்களுக்குள் வைத்திருந்த ஒப்பந்தம் அப்படி. ஒற்றையிலோ 2,400 சுற்றிலேயே 378 நியூட்டன் மீட்டர் முறுக்கு வந்துவிடுகிறது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் பெரிய காருக்கு அடியில் கிடைக்கும் இந்தப் பலம்தான் அழகு.

இந்தக் காரைத் தொடத் தெரிந்த கை என்று நான் சொல்வது ஒருவரைத்தான். துறைமுகப் பக்கம் தகரக் கொட்டிலில் வேலை செய்யும் எங்கள் பாஸ். பெயர் போட்டால் கோபிப்பார். கராஜுக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் குழாயை வளைத்துப் பொருத்துவதில் அவருக்கு ஈடு நான் கண்டதில்லை. 35 பாகைக் காற்றை 0.8 பாருக்கு அழுத்தினால் அது டர்போவை விட்டு 110 பாகைக்கு மேல் கொதித்துத்தான் வரும். அந்தச் சூட்டை இறக்காமல் உள்ளே விட்டால் எஞ்சின் தட்டத் தொடங்கும், கம்பியூட்டர் பயந்து தீப்பொறியைப் பின்தள்ளும், செலவழித்த காசு புகையாகும். ஜப்பானின் 100 ஒக்டேன் பெற்றோலை எதிர்பார்க்கும் எஞ்சினுக்கு நாம் ஊற்றுவது 95, அதுவும் கிடைக்கிற நாளில். ஆகவே இந்த ஊரில் ரியூனிங் என்றால் முக்கால்வாசி குளிர வைக்கிற வேலைதான். "காத்தக் குளிர வை தம்பி, மத்தது தானா வரும்" என்பார் பாஸ்.

1996க்குப் பிந்திய இந்த நூறாம் மாடலில் கம்பனி வைத்த இன்டர்கூலர் பம்பர் மூலைக்குள் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றி முன்னால் மெத்தை மாதிரி ஒன்றைக் கட்டுவது இப்போதைய மோஸ்தர். தடிப்புக் கூடினால் பின்னாலிருக்கும் ரேடியேற்றருக்குக் காற்றுப் போகாது. குழாய் நீண்டால் மிதித்ததும் பதில் வராது. பாஸ் மெல்லியதாக ஒன்றைத் தெரிவார். வளைவு எத்தனை குறையுமோ அத்தனை குறைப்பார். பொருத்தி முடிந்ததும் குழாயின் வாயை அடைத்து, ரயர்க் காற்றுக் குழாயைச் செருகி, சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் ஒவ்வொரு கிளிப்பிலும் தடவுவார். ஒரு தடவை எல்லா இடமும் அமைதியாக இருந்தது, கடைசி மூட்டில் மட்டும் கடுகளவு குமிழ் ஒன்று ஊதி உடைந்தது. எனக்கு அது கண்ணில் படவேயில்லை. அவர் ஒன்றும் பேசாமல் முழுவதையும் கழற்றினார்.

அவருடைய இன்னொரு ஆயுதம் பேன் சீப்பு. கடலுப்பு இன்டர்கூலரின் அலுமினியச் செதில்களை அரிக்கும், கல்பட்டு அவை மடங்கும். நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்டூலில் குந்தியிருந்து, பிள்ளைக்குத் தலை வாருவதுபோல வரிவரியாக நிமிர்த்துவார். அரை நாள் போகும். அதற்குக் காசு கேட்டதில்லை.

அவர் பேச்சைக் கேளாமல் நான் கெட்டதும் உண்டு. எங்கிருந்தோ ஒரு ரீமேப் ஃபைல் வாங்கினேன். குளிர் நாட்டுக் காற்றுக்கும் அந்நாட்டுப் பெற்றோலுக்கும் எழுதிய கணக்கு அது. இரண்டு கிழமை ராசா மாதிரி ஓடினேன். மூன்றாவது கிழமை, கச்சானுக்குள், கந்தளாய்க்கு இந்தப் பக்கம், பானைக்குள் கூழாங்கல்லைக் குலுக்கினதுபோல ஒரு சத்தம். ஒரு பிஸ்டனின் வளையத் தட்டு உடைந்திருந்தது. பாஸ் அந்தத் துண்டைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஏச்சு விழுந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இப்போது கேட்கிற சத்தம் வேறு. காலை எடுத்ததும் சைலன்சருக்குள் பட்டாசு வெடிக்க வேண்டும் என்கிறார்கள். எரிய வேண்டிய பெற்றோலை வெளியே கொளுத்துவதில் என்ன ரசனை? 2022இல் கிழமைக்கு 20 லீற்றருக்காகக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற நாடு இது. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே நாங்களும் நின்றோம். வாகன வரியும் எஞ்சினின் கொள்ளளவைப் பார்ப்பதால் சொகுசுக் கார்களும் 1,500 சிசிக்குள் சுருங்கி, சின்ன எஞ்சினும் டர்போவுமாக வருகின்றன. அவற்றை நான் இழிவாகச் சொல்லவில்லை. மூன்று சிலிண்டர் பீஎம்டபிள்யூ 318ஐ ஒன்றை ஓட்டினேன், மரியாதையான கார். ஆனால் மூடியைத் திறந்தால் கை வைக்க இடமில்லை. பாஸ் எட்டிப் பார்த்தார், பிளாஸ்டிக் மூடியைத் தட்டினார், சிரித்துவிட்டு மூடினார்.

போன ஆடியில் காரை அவரிடம் விட்டேன். வாசலில் நின்று முகத்தைக் கந்தளாய்த் திசைக்குத் திருப்பிக் காற்றைப் பார்த்தார். பிறகு உள்ளே குனிந்து, அழுத்தம் பிடிக்கும் பித்தளைத் திருகைக் கால் சுற்றுப் பின்னே எடுத்தார்.

"எவ்வளவு குறையும் பாஸ்?"

"உனக்குத் தெரியாது. எஞ்சினுக்குத் தெரியும்."

அன்று பின்னேரம் கந்தளாய்க் குளக்கட்டு மட்டும் ஓடினேன். எட்டாவது மிதி வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ண மறந்துபோனேன். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் அவரே கூப்பிட்டனுப்பினார். கால் சுற்று திருப்பித் தர வேண்டுமாம்.