மேலிருந்து அளக்கும் வெப்பம்

நகர வெப்பத்தைத் தணிக்கும் திட்டங்கள் பலவும் இன்று ஒரு வரைபடத்திலிருந்தே தொடங்குகின்றன. லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் வெப்பப் படங்களை வைத்து, நிலப்பரப்பு எங்கே அதிகம் சுடுகிறது என்று பார்த்து, சிவப்பாகத் தெரியும் இடங்களில் மரம் நடவும் கூரைக்கு வெள்ளை அடிக்கவும் பரிந்துரைக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அது அளப்பது பரப்பின் சூட்டை. மனிதர் படும் வெப்பத்தை அல்ல. இந்த வேறுபாட்டை மறந்தால் பணம் தவறான தெருவுக்குப் போய்விடும்.

முதலில் அதன் பலம். சென்னையின் வெப்பநிலை என்று செய்திகளில் நாம் கேட்பது பெரும்பாலும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் அளவு. வார்டுக்கு வார்டு உள்ள வேறுபாடு அதில் தெரியாது. செயற்கைக்கோள் படத்தில் தெரியும். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை ஓர் இடத்தைப் படமெடுக்கின்றன. படங்கள் இலவசம். 1980களின் படங்களும் கிடைப்பதால், ஏரிக்கரை அடுக்குமாடியான பிறகு அங்கே சூடு எவ்வளவு ஏறியது என்று ஒப்பிடலாம். நிதி குறைந்த நகராட்சிக்கும் எட்டுகிற வசதி இது.

குறைகளில் முதலாவது, நேரம். லேண்ட்சாட் சென்னையைக் கடப்பது காலை 10.30 மணி வாக்கில். கோடைப் பிற்பகலைத் தணிக்கும் கடற்காற்று அதற்குள் பெரும்பாலும் கரையேறியிருக்காது. பகலெல்லாம் வெப்பத்தைச் சேர்த்துவைத்த கான்கிரீட் அதை வெளிவிடும் இரவும் கணக்கில் வராது. உடல் தேறுவதற்கு அந்த இரவுதான் முக்கியம். 2018 முதல் விண்வெளி நிலையத்திலிருந்து இயங்கும் ஈகோஸ்ட்ரெஸ் கருவி இரவிலும் அளக்கிறது என்பது நல்ல முன்னேற்றம்.

இரண்டாவது, தகரக் கூரை. வண்ணம் பூசாத தகரம் வெப்பக் கதிர்களைக் குறைவாகவே வெளிவிடும். தொட்டால் கையைப் பொசுக்கும் கூரைகூடப் படத்தில் உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். போதாக்குறைக்கு, லேண்ட்சாட் 8, 9 வெப்ப உணரியின் ஒரு கட்டம் 100 மீட்டர் அகலம். வரிசை வீடுகளும் பக்கத்துக் கால்வாயும் அதற்குள் ஒரே சராசரியாகிவிடும். மிகவும் வெந்துபோகிறவர்களே படத்தில் மறைந்துபோவது இந்த முறையின் மிகப் பெரிய அநீதி.

மூன்றாவது, தீர்வை மதிப்பிடும் விதம். லாஸ் ஏஞ்சலஸில் தார்ச்சாலைகளுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெளிர்நிறப் பூச்சு அடித்தார்கள். சாலைப் பரப்பின் சூடு குறைந்தது; மேலிருந்து பார்த்தால் வெற்றி. ஆனால் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏரியன் மிடலின் குழு, ஆறு திசைகளிலிருந்தும் வரும் கதிர்வீச்சை அளக்கும் தள்ளுவண்டியைத் தெருவில் கொண்டுபோய்ப் பார்த்தது. நண்பகலில் நடப்பவர் மீது விழும் கதிர்வெப்பம் சாதாரணத் தார்ச்சாலையில் இருப்பதைவிடச் சுமார் 4 டிகிரி கூடியிருந்தது. சாலை குளிர்ந்தது, நடப்பவருக்குச் சூடு ஏறியது.

இதற்கு மாறான நல்ல வழக்கம் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் அமைந்த அந்த நகரம் 1930களிலிருந்தே தட்பவெப்ப ஆய்வைத் திட்டமிடலோடு இணைத்திருக்கிறது. இரவில் குன்றுகளிலிருந்து குளிர்காற்று இறங்கும் வழிகளை வரைந்து, அவற்றை அடைக்கும் கட்டடங்களைக் கட்டுப்படுத்துகிறது. காற்று எப்படி நகர்கிறது என்று தெரிந்ததால்தான் அதைச் சட்டத்தால் காக்க முடிந்தது.

செயற்கைக்கோள் வரைபடத்தை எந்தப் பகுதியை முதலில் போய்ப் பார்ப்பது என்பதற்கு மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டும். நிதி ஒதுக்கும் முன், வீடுகளுக்குள் இரவு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளப்பது கட்டாயமாகட்டும். பணி முடிந்ததும் அதே அறைகளில் மறுபடி அளந்து, முடிவைப் பொதுவில் வைக்கட்டும். கூரை எத்தனை டிகிரி குளிர்ந்தது என்பது ஒப்பந்தக்காரரின் கணக்கு. அதன் கீழே உறங்குபவருக்கு எத்தனை டிகிரி குறைந்தது என்பதே மாநகராட்சி சொல்ல வேண்டிய கணக்கு.