படுகளத்தில் விழுந்தவர்களும் சந்தா கட்டியவர்களும்

கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிறவர் கடைசி இரவுக்கு வந்துவிட்டால், கேட்பவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதில்லை. கதையின் நாயகர்களான அண்ணன் தம்பி பொன்னரும் சங்கரும் மாளும் இடத்தில் சிலருக்கு அருள் வந்து மண்ணில் சாய்கிறார்கள். செத்தவர்களாகவே அவர்களைக் கிடத்துகிறார்கள். அவர்கள் தங்கை தங்காளாக நிற்பவள் தீர்த்தம் தெளித்த பிறகுதான் எழுந்திருக்கிறார்கள். படுகளம் என்பது இதுதான். மணப்பாறைக்குப் பக்கத்து வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இன்றும் பார்க்கலாம்.

நாயகர் கூட்டணிக் கதைகளுக்கு வாசகர்கள் காட்டும் எதிர்வினையை ஆராய்கிறவர்கள் வழக்கமாக அமெரிக்காவில் தொடங்குவார்கள். 1960இல் ஜஸ்டிஸ் லீக், 1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர், 1963இல் அவெஞ்சர்ஸ், பிறகு வாசகர் கடிதப் பக்கங்கள். கொங்கு நாட்டை ஆராய்வதற்கு அந்த வரிசை போதாது. கூட்டணி வீரர்களுக்காகக் கண்ணீர் விட்டு, அவர்களோடு சேர்ந்து விழுந்து எழும் வழக்கம் இங்கே அச்சுக்கு முந்தையது. அந்த வழக்கத்தின் சாயல் இன்றைய காமிக்ஸ் வாசகர்களிடமும் சினிமா ரசிகர்களிடமும் இருக்கிறது என்பது என் எண்ணம். இங்கே ஒரு கூட்டணி எடுபடுவதும் எடுபடாமல் போவதும் அதன் சக்தியைப் பொறுத்தது அல்ல. அதில் யாருக்கு யார் என்ன உறவு என்பதைப் பொறுத்தது.

அண்ணன்மார் கதையில் இருப்பதே ஒரு கூட்டணிதான். பொறுமைக்காரன் பொன்னர், கோபக்காரன் சங்கர், நடக்கப்போவதைக் கனவில் காணும் தங்கை அருக்காணி தங்காள், இவர்களுக்காக எதையும் செய்யும், ஒடுக்கப்பட்ட சாதிப் பணியாள் சாம்புவன். கொம்பன் என்ற காட்டுப்பன்றியை வீழ்த்த உதவும் பொன்னாச்சி என்ற சின்ன நாயையும் விட்டுவிட முடியாது. எதிரில் வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளி. யாரும் தேர்வு எழுதி இந்தக் கூட்டணிக்குள் வரவில்லை. எல்லாம் பிறப்பும் வளர்ப்பும் கொடுத்த இடம். இதற்கு ஊர் காட்டிய எதிர்வினையைப் பெயர்களில் பார்க்கலாம். அருக்காணி என்று ஒரு பெரியம்மாவோ அத்தையோ இல்லாத பழைய கொங்குக் குடும்பம் குறைவு. சாம்புவன் என்று யாரும் பிள்ளைக்குப் பெயர் வைத்து நான் கேட்டதில்லை. கதையின் பாதி வேலையை முடிக்கிறவன் அவன். ஆனால் ரசிகர்களின் அன்பும் சாதி பார்த்துத்தான் இறங்கியிருக்கிறது. வேட்டுவர் வாயால் இதே கதையைக் கேட்டால் வில்லன் யார் என்பதே மாறிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கதை படக்கதையாகவும் ஆகியிருக்கிறது. அறுபதுகளின் நடுவில் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1965இல் இ.சி. இராமசாமி என்ற பாடகர் 18 இரவுகள் சொன்ன கதையை ஒலிநாடாவில் பதிந்தார். 1982இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கனடாவில் வாழும் அவர் அதோடு நிற்காமல், ரவிச்சந்திரன் ஆறுமுகம் என்ற கொங்கு ஓவியரைக் கொண்டு 26 பகுதி அசைபடத் தொடராகவும், பிறகு படக்கதைப் புத்தகங்களாகவும் அதைக் கொண்டுவந்தார். பொன்னிவள நாட்டுக் கதை என்பது தலைப்பு. ஓர் ஆய்வாளர் தன் ஆய்வுப் பொருளையே குழந்தைகளுக்கான படக்கதையாக ஆக்கித் தருவது அரிது. அசைபடத்தில் அசைவு குறைவுதான். ஆட்கள் தோல்பாவை மாதிரி கைகாலை மட்டும் நீட்டி மடக்குகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கட்டுமஸ்தான அமெரிக்க உடம்புகளாக வரைந்திருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். ஆனால் உடுக்கைப் பாடகருக்கு எதிரே கூட்டம் இருக்கிறது. அழுகிற கிழவியைப் பார்த்து ஓர் அடியை நீட்டுவார், தூங்கி வழிகிறவனைப் பார்த்து இன்னொன்றைச் சுருக்குவார். அச்சுப் பக்கத்துக்கு அந்த வசதி இல்லை.

அச்சில் இந்தக் கதை ஏற்கெனவே வந்திருக்கிறது. கவிஞர் சக்திக்கனல் 1971இல் பதிப்பித்தார். கலைஞர் நாவலாக எழுதினார். அந்த நாவல் 2011இல் தியாகராஜன் இயக்க, பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடிக்கப் படமாகவும் வந்தது. படம் எடுபடவில்லை. காரணம் பலவாக இருக்கலாம். ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைகளை நகை போட்ட இளவரசர்களாக நிறுத்தியதும் அதில் ஒன்று என்பேன். தன் பெரியப்பன் மகனாக நினைத்தவனை அரண்மனையில் பார்த்தால் கொங்குக்காரனுக்கு ஒட்டாது.

இனி இன்னொரு ரசிகர் கூட்டம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவி. ஆய்வகத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். பைக்காரா மின்சாரத்தால் ஆலை ஓட்டி வளர்ந்த கோவையில், தெருவுக்கு நாலு மோட்டார் பட்டறை இருந்த ஊரில், பிளக்கில் விரல் விட்டு வீரனாகிறவனைப் பையன்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, ஸ்பைடர் என்ற நாயகனும் வந்தான். லாரன்ஸ்-டேவிட் ஜோடி, ஜானி நீரோ, மாயாவி ஆகியோரை வாசகர்களே மும்மூர்த்திகள் என்று சேர்த்துவைத்தார்கள். கதையில் அவர்கள் சந்தித்துக்கொண்டதே இல்லை. உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அடுக்கு மாறிக் கிடந்த இதழ்களுக்குள் வாசகன் மனசிலேயே கூடிய கூட்டணி அது.

இவர்களில் சிலரைப் படைத்த இங்கிலாந்துக்காரர்களே அசல் கூட்டணியைப் பிறகு எழுதினார்கள். 2005இல் தொடங்கிய ஆல்பியன் தொடரில் மாயாவி, ஸ்பைடர் உள்ளிட்ட பழைய நாயகர்கள் ஸ்காட்லாந்துக் கோட்டை ஒன்றில் அரசாங்கத்தின் கைதிகள். ஆலன் மூர் கதையமைப்பு, மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுத்து. 2018இல் ரெபெல்லியன் நிறுவனம் பழைய பிரிட்டிஷ் நாயகர்களைத் திரட்டி விஜிலன்ட் என்று ஒரு கூட்டணியைத் தொடங்கியது. ஆல்பியன் புத்திசாலித்தனமான எழுத்து. ஆனால் பத்துப் பேரில் ஒருவனாக மாயாவியைப் பார்க்கையில், கல்யாண வீட்டில் நம் மாமனுக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்ட மாதிரி இருக்கிறது.

இத்தாலிய டெக்ஸ் வில்லருக்கு இங்கே கிடைத்த வரவேற்பை இதோடு ஒப்பிட வேண்டும். டெக்ஸ், மகன் கிட், வெள்ளைத்தாடி நண்பர் கார்சன், நவஹோ சகோதரன் டைகர் ஜாக். 1948இல் பிறந்து எண்பதுகளில் லயன் வழியே தமிழுக்கு வந்த இந்தக் கூட்டணியில் யாருக்கும் அமானுஷ்ய சக்தி கிடையாது, சொந்தம் இருக்கிறது. டெக்ஸை 'தல' என்றும் இன்னொரு வெஸ்டர்ன் நாயகனான கேப்டன் டைகரைத் 'தளபதி' என்றும் வாசகர்கள் கட்சி பிரிந்துகொண்டது சினிமா கொடுத்த பழக்கம். இந்தக் கட்சிகளை நேரில் பார்க்க ஏற்ற இடம் ஈரோடு. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஆகஸ்ட் புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன், முத்து வாசகர்கள் கூடுகிறார்கள். நினைவிழந்த நாயகனின் இரத்தப் படலம் 2010இல் கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக வந்த பிறகும், வண்ணத்தில் வேண்டும் என்று விடாமல் கேட்டு 2018இல் வாங்கியவர்கள் இவர்கள். மறுபதிப்பா புதுக்கதையா என்று தலைமுறை பிரிந்து வாதாடுவார்கள், எழுத்துப்பிழைக்குச் சண்டை போடுவார்கள், மறுவருஷச் சந்தாவையும் கட்டிவிடுவார்கள்.

சினிமாவிலும் இதே கணக்குதான். கோவைக்காரரான ஹிப்ஹாப் ஆதி நடித்து 2023இல் வந்த வீரனில் மின்னல் தாக்கிச் சக்தி பெற்ற பையன் தனிக் கவசம் தேடிப் போகவில்லை. ஊர்க் காவல்தெய்வத்தின் வேஷத்தைப் போட்டுக்கொள்கிறான். கிணத்துக்கடவுக்காரரான லோகேஷ் கனகராஜ் இரும்புக்கை மாயாவி என்ற பெயரிலேயே சூர்யாவை வைத்து ஒரு படம் எடுக்க நினைத்தார்; அது தள்ளிப்போனது. அதற்குப் பதில் கைதி, விக்ரம், லியோ என்று அவர் கோத்த உலகத்தைத்தான் ரசிகர்கள் காட்சி காட்சியாகப் பிரித்து முடிச்சுப் போடுகிறார்கள். கைதியின் தில்லிக்கு மகள், விக்ரமுக்கு இறந்த மகனும் பேரனும், லியோவுக்குப் பெண்டாட்டி பிள்ளைகள். தோட்டாச் சத்தத்துக்கு அடியில் மூன்றும் குடும்பக் கதை.

இத்தனைக்கும் நடுவில் சாம்புவனுக்குத் தனி இதழ் இல்லை. படக்கதைக்கு அவனைப்போல் பொருந்தியவன் அந்தக் கூட்டணியில் வேறு யாரும் கிடையாது: கோபம், வேகம், கேலி, எஜமானர்களை விட ஒரு கை கூடுதலான வீரம். அப்படி ஓர் இதழ் அறிவிக்கப்பட்டால் முன்பதிவு செய்கிறவர்கள் யார், மறுப்புக் கடிதம் எழுதுகிறவர்கள் யார் என்று ஊர்ப் பெயரோடு என்னால் இப்போதே சொல்ல முடியும்.