பம்ப் அறையில் ஒரு கணித வித்தை

ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் மூன்று பம்ப், மூன்று மோட்டார். எங்கோ ஒரு பேரிங் முனகுகிறது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்தான். தண்ணீர் நின்றால் பிளான்ட்டே நின்றுவிடுமே! சென்சாரை எந்த மோட்டாரில் ஒட்டினாலும் மற்ற இரண்டின் அதிர்வும் சட்டம் வழியே வந்து கலக்கிறது. குழாயில் ஓடும் தண்ணீரின் இரைச்சல் வேறு. மோட்டாருக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என்று நான்கு சென்சார் ஒட்டிப் பதிவெடுத்து, 'ஃபாஸ்ட்ஐசிஏ' நிரலிடம் கொடுத்தேன்.

அடடா! நான்கு கலவை உள்ளே போய், நான்கு தனி அலையாக வெளியே வந்தன. அதில் ஒன்று சுத்தமான தட்டல். எங்கள் மோட்டார் நொடிக்கு 24 சுற்று. அதிலுள்ள 6205 பேரிங்கின் வெளி வளையத்தில் கீறல் விழுந்தால் சுற்றுக்குச் சுமார் 3.58 தட்டு, அதாவது நொடிக்கு 86. திரையிலும் 86! அந்தத் தட்டல் எந்த சென்சாரில் ஓங்கியிருந்தது என்பதையும் நிரலே சொல்லிவிட்டது: இரண்டாவது மோட்டார். கழற்றினோம், கீறல் இருந்தது.

மோட்டார், பேரிங் எதுவும் இந்த நிரலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தனித்தனி அதிர்வுகள் கலக்கக் கலக்க, கலவையின் பரவல் மணி வடிவ வளைவை நெருங்கும். அப்படியானால் அந்த வளைவை விட்டு அதிகம் விலகும் அலையைத் தேடினால் மூலம் கிடைக்கும். இவ்வளவுதான்! படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. மூலங்களில் ஒன்று மட்டும் மணி வடிவமாக இருந்தால் பாதகமில்லை. எங்களுக்கு அது தண்ணீர் இரைச்சல்.

கிரெனோபிளில் ஜீனி எரோ, கிறிஸ்தியன் ஜூத்தன் 1980களில் தொடங்கிய வேலை இது. பியர் கோமோன் 1994இல் கணித அடித்தளம் போட்டார். 1997இல் ஹெல்சிங்கியின் ஹூவாரினனும் ஓயாவும் அதை மின்னல் வேகமாக்கினார்கள். அந்த ஐவருக்கும் எங்கள் கேன்டீனில் டீ என் கணக்கு!

குறை இல்லாமலா? பிரிந்த அலைகள் எந்த வரிசையில் வரும் என்று சொல்ல முடியாது, தலைகீழாகவும் வரும். எதிரொலி மிகுந்த கூடத்தில் மைக் வைத்தால் இந்த எளிய வடிவம் திணறும். அங்கே அலைவெண் வாரியாகப் பிரிக்க வேண்டும். இதற்கெல்லாம் நான் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பேரிங்கைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கும் நண்பர்களே, ஒரு முறை முயன்று பாருங்கள். பைத்தானின் சைகிட்-லேர்னில் ஃபாஸ்ட்ஐசிஏ இலவசம். மூலங்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் சென்சார் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள்.