காற்றைப் படிக்கும் தக்கை

கண்மாய்க் கரையில் நாலைந்து பேர் தூண்டிலோடு வந்து இறங்கினால், கைதேர்ந்தவர் யார் என்பது முள் தண்ணீரில் விழும் முன்பே தெரிந்துவிடும். மற்றவர்கள் புழுவைக் கோத்துக்கொண்டிருக்க, அவர் சும்மா நிற்பார். காற்று எந்தப் பக்கம், வரத்துக்காலில் நேற்றைய மழைத்தண்ணீர் இன்னும் ஓடுகிறதா, கலங்கல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பார். கைவேகம் பழகினால் யாருக்கும் வந்துவிடும். வானம் தண்ணீருக்குள் என்ன செய்து வைத்திருக்கிறது என்று கணிக்கிற அந்தத் தாமதத்தைத்தான் நான் கலை என்பேன்.

ஆடியில் மேல்காற்று கிளம்பினால் பலரும் மறைவான கரையைத் தேடிப் போவார்கள். அவர் எதிர்க்கரையில், முகத்தில் காற்று அறைய உட்காருவார். மேல்மட்டத் தண்ணீரோடு பாசியையும் விழுந்த பூச்சியையும் காற்று அங்கேதான் ஒதுக்குகிறது. கெண்டையும் அங்கே மேய வரும். தொல்லையும் அங்கேதான். நரம்பு வில்லாய் வளையும். அலை எது, கடி எது என்று பிடிபடாது. அதற்கும் வழி வைத்திருப்பார். மயிலிறகுத் தண்டுத் தக்கைக்கு ஈயத்தைக் கூட்டி, நுனி மட்டும் தெரிகிற மாதிரி அமிழ்த்துவார். குச்சி முனையைத் தண்ணீருக்குள் அழுத்தி நரம்பை மூழ்கடிப்பார். இனி காற்றுக்குப் பிடி இல்லை. அலை ஒரே தாளத்தில் தக்கையை ஏற்றி இறக்கும். ஜிலேபி கொத்தினால் நடுவே சின்னத் துடிப்பு. கெளுத்தி என்றால் சாய்வாக ஓர் இழுப்பு. கெண்டை சில சமயம் ஈயத்தையே தூக்கிவிடும். அமிழ்ந்திருந்த தண்டு எழுந்து அப்படியே படுக்கும். அந்தக் கணத்தில் அவர் மணிக்கட்டு சுண்டுவதைப் பார்க்க வேண்டும்!

ஐப்பசியில் புதுத்தண்ணீர் வந்ததும் ஊரே ஊத்தாவும் கூடையுமாக ஏத்துமீனுக்கு ஓடும். சினையோடு ஏறுகிற மீனுக்கு இரையில் நாட்டம் குறைவு. நட்ட நடு ஓட்டத்தில் தூண்டில் போடுவது வீண். செந்நீரும் பழைய தண்ணீரும் கலக்கிற ஓரத்தில் போட வேண்டும். கரையிலிருந்து அடித்து வரும் மண்புழுவுக்காகக் கெளுத்தியும் ஆராலும் அங்கே காத்திருக்கும். கெளுத்திக்குக் கண் தேவையில்லை, மீசை போதும். கலங்கல் அதற்குச் சாதகம்.

காற்றழுத்தம் இறங்கினால் மீன் கடிக்காது என்று செல்போனைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இப்போது அதிகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 10 மில்லிபார் அழுத்தம் என்பது 10 சென்டிமீட்டர் தண்ணீரின் கனம். அரைச் சாண் கீழே இறங்கினாலே மீனுக்கு அது சரியாகிவிடும். தாழ்வழுத்தத்தோடு கூட வருகிற மூடாக்கும் மழையும் காற்றும்தான் வேலை செய்கின்றன.

அதில் மூடாக்கைத்தான் பலரும் கவனிப்பதில்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பாசி மண்டிய கண்மாயில், வெயிலே வராத நாளுக்கு மறுநாள் விடியலில் அதுவும் இருக்காது; இரவெல்லாம் பாசியே அதை உறிஞ்சியிருக்கும். கெண்டையெல்லாம் மேலே வந்து வாய் பிளக்கும். இத்தனை மீனா என்று புதியவர் குதிப்பார். மூச்சுக்குத் தவிக்கிற மீன் இரையைச் சீந்தாது. பழையவர் வெயில் ஏறட்டும் என்று டீக்கடைக்கு நடந்துவிடுவார்.

விரால் இந்தக் கணக்கில் அடங்காது. காற்றை நேராகக் குடிக்கிற மீன் அது. சித்திரை உச்சி வெயிலிலும் கண்மாயில் அது ஒன்றாவது உயிர்ப்போடு இருக்கும். மூச்செடுக்க மேலே வந்து ‘களுக்’ என்று இறங்கியதும், தெரிந்தவர் அந்த இடத்தில் தவளையைப் போடமாட்டார். இரண்டு முழம் தள்ளி, தாமரை இலை ஓரமாக விடுவார். செங்குஞ்சுக் கூட்டத்துக்குக் காவல் நிற்கிற விரால் மட்டும் வேறு. பசி இல்லாவிட்டாலும் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும். அதைப் பிடித்து வந்து காட்டுகிறவரைக் கரையில் யாரும் மெச்சுவதில்லை.