மிதி பம்பும் சந்தையும்

இலவசமாக வழங்கி ஏழை உழவரை உயர்த்தல் இயலாது. அவர் தம் கைப்பொருள் கொடுத்து வாங்கத்தக்க கருவியை ஆக்கி விற்பதே வழி. பால் போலக் 2008-இல் வெளியிட்ட 'அவுட் ஆஃப் பாவர்ட்டி' என்னும் நூலின் உயிர்க்கருத்து இதுவே. இதற்கு அவர் காட்டும் தலைசிறந்த சான்று வங்காள தேசத்து மிதி பம்பு.

நம் முன்னோர் ஏற்றத்தின்மேல் ஏறி மிதித்து நீர் இறைத்தனர். மிதி பம்பும் கால்களின் ஆற்றலால் இயங்குவதே. இரு மூங்கில்களை மாறி மாறி மிதிக்க, இரண்டு உருளைகள் நிலத்தடி நீரை மேலே கொணரும். மழையற்ற மாதங்களில் ஏறத்தாழ அரை ஏக்கருக்குப் பாய்ச்சலாம். நார்வே நாட்டுப் பொறியாளர் குன்னார் பார்ன்ஸ் இதனை வங்காள தேசத்தின் வடமேற்கில் உருவாக்கினார். போலக் 1981-இல் தோற்றுவித்த அமைப்பு, இதனை உள்ளூர்ப் பட்டறைகளில் செய்வித்துக் கடைக்காரர் வழியே பரப்பியது. குழாய்க் கிணற்றோடு சேர்த்து விலை சுமார் 25 டாலர். விற்பனை 15 இலட்சம் என்பது ஆசிரியர் தரும் கணக்கு.

இஃது அரிய வெற்றியே. விலை கொடுத்து வாங்கியவர் கருவியைப் பேணுவார். ஆதாயம் காணும் கடைக்காரர் உதிரிப் பாகங்களை வைத்திருப்பார்.

ஆயின், அந்தச் சந்தை தானே முளைத்ததன்று. கிணறு இறக்குவோர்க்குப் பயிற்சி, ஊர்தோறும் செயல் விளக்கம், பாட்டு, நாடகம், திறந்தவெளித் திரைப்படம் ஆகியவை உதவிப் பணத்தின் துணையால் நடந்தவை. பம்பின் விலையில் மானியம் இல்லை. சந்தையை உருவாக்கிய செலவில் இருந்தது. நன்கொடையைத் தலைவாயிலில் தடுத்த ஆசிரியர், அது கொல்லைப்புறமாக நுழைந்ததற்கு உரிய இடம் தரவில்லை.

சந்தைக்கு எல்லைகளும் உண்டு. நிலத்தடி நீர் சுமார் 7 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் மிதி பம்பு உறிஞ்சாது. நிலமற்ற கூலியாளர் தமக்கென ஒன்றை வாங்கிப் பயன் என்ன? 1980-களின் இறுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து மலிவான டீசல் இயந்திரங்கள் வந்ததும், உழவர் பலர் அவற்றை நாடினர். கொடுத்த சந்தையே மாற்றாரையும் கொணர்ந்தது.

எனினும், உழவரை இரவலராகக் கருதாது வாங்குவோராக மதித்த பெருமை இந்நூலுக்கு உண்டு. அம்மதிப்பைக் கொள்ளலாம், சந்தை ஒன்றே போதும் என்னும் முடிவைக் கொள்ளுதல் அரிது. விதையை விலைக்கு விற்கலாம். நிலத்தைப் பண்படுத்துவது பொதுக் கடமையேயாம்.