வெள்ளை நகரம், கருப்பு நகரம், நாவல்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று இரண்டாக வகுத்தார்கள். நடுவே பெரிய வாய்க்கால். காலனியத்தைக் கதையாக்க வருபவருக்கு ஒளி, இருள் படிமம் இங்கே தெருவிலேயே கிடைத்துவிடுகிறது. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம்.

படிமத்துக்கு வலிமை இல்லாமல் இல்லை. 1899-இல் வெளிவந்த ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்', நாகரிக வெளிச்சம் தருகிறோம் என்ற ஐரோப்பியப் பேச்சுக்குள்ளேயே இருட்டைக் காட்டியது. ஆனால் ஆப்பிரிக்கர்களை அந்த இருட்டுக்குப் பின்திரையாக மட்டும் நிறுத்தியது என்று 1975-இல் சினுவா அச்சிபி குற்றம் சாட்டினார். அதை முழுமையாக ஏற்கிறேன்.

நம் பக்கத்தில் படிமம் தலைகீழாகிறது. வெள்ளையன் வந்தான், இருள் சூழ்ந்தது. விடுதலை வந்தது, விடிந்தது. மேடையில் இது எடுபடும், மக்களைத் திரட்டும். நாவலுக்குப் போதாது. அவன் வருமுன் இங்கே எல்லாம் வெளிச்சமாக இருந்தது என்றல்லவா ஆகிறது?

பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் அந்தக் கணக்கு உடைகிறது. 1745 அக்டோபர். புதுச்சேரியின் தேவாலயமான சம்பா கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர். அவர்கள் திரண்டுபோய்ப் பெரிய பாதிரியாரிடம் நியாயம் கேட்கிறார்கள். அவர் சுவரை இடிக்கச் சொல்கிறார். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, அதே கோவிலின் பாதிரிமார்கள் விரும்பியபடி, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் ஆட்சியில், அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் தரைமட்டமாகிறது. ஒரே சபையின் கை மூன்றாண்டுக்குள் ஒன்றை இடித்து நீதி செய்தது, இன்னொன்றை இடித்து அநீதி செய்தது. கருப்பு வெள்ளைப் படிமம் இதில் எதைச் சொல்லும்? 1743-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் ஏழை மக்களைக் கடத்திக் கப்பலுக்கு அடிமைகளாக விற்ற கதை வருகிறது. பிடித்துக் கொடுத்த தரகர்கள் நம் ஊர்க்காரர்கள்.

இந்த நாட்குறிப்பிலிருந்து எழுந்தவைதான் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்கள். புதுச்சேரியில் பிறந்த அவர், துபாஷியான பிள்ளையைத் துரோகியாகவும் ஆக்கவில்லை, தியாகியாகவும் ஆக்கவில்லை. அதிகாரத்துக்கு அருகிலிருந்து கணக்குப் பார்க்கும் மனிதராக விட்டுவைத்தார். தமிழ் வரலாற்று நாவலுக்கு இது பெரிய விடுதலை.

எனக்குள்ள குறை டூப்ளேயின் மனைவி மதாம் ழான் பற்றியது. அவர் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தாய்வழியில் இந்திய இரத்தமும் உண்டு. டூப்ளேயிடம் செல்வாக்குப் பெறுவதில் பிள்ளைக்கு அவர் போட்டியாளர். போட்டியாளர் எழுதிவைத்த சாட்சியத்தை நாவல் பெரிதும் நம்பும்போது, பேராசையின் கறை முழுக்க அந்தப் பெண்மேல் படிகிறது. ஆட்சியை நடத்திய கணவர் எளிதில் தப்பிவிடுகிறார். ழானை மையமாக வைத்து ஒரு தமிழ் நாவல் வர வேண்டும்.